மெயில் போய்விட்டதா? கேட்டதையே கேட்கும் அம்மாவோடு வாழும் முறை

போன புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் என் அம்மா, "கொல்லம் மெயில் போய்விட்டதா?" என்று முப்பத்து நான்கு முறை கேட்டாள். ரயிலைத்தான் கேட்கிறாள். எண்ணிக்கையில் பிழை இருக்காது. பிரானூரில் ஒரு மர அறுவை மில்லில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். பேனா கையில் இருந்தால் கோடு போடாமல் இருக்க வராது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. வீடு புளியரையில், கேரள எல்லைக்கு இந்தப் பக்கம். நான்கு வருடமாக இதுதான் எங்கள் மாலைப்பொழுது.

உங்கள் வீட்டில் கேள்வி வேறாக இருக்கும். பீரோ சாவி எங்கே, இன்றைக்கு என்ன கிழமை, கரண்ட் பில் கட்டியாயிற்றா. எதுவானாலும் நான் செய்த தப்புகளைக் கேட்டுக்கொண்டால் உங்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

முதல் தப்பு, "வயதானால் அப்படித்தான்" என்று விட்டது. 2020இல் கொரோனாவுக்காகப் புளியரையில் எல்லையை அடைத்தபோது புனலூரில் இருக்கும் அக்காவால் மாதக்கணக்கில் வர முடியவில்லை. அம்மா கேட்டதையே கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். மகளைக் காணாத ஏக்கம் என்று நினைத்தோம். எல்லையைத் திறந்தார்கள், அக்கா வந்தாள், கேள்வி நிற்கவில்லை. வயது ஏறினால் பெயர்கள் தாமதமாக ஞாபகம் வரும், மூக்குக் கண்ணாடியைத் தேடுவோம். அது எல்லோருக்கும் உள்ளது. பத்து நிமிடம் முன்பு கேட்டதும் மறந்து, பதில் கிடைத்ததும் மறந்துபோவது வேறு கதை. அதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

போகும்முன் காதைப் பாருங்கள். அம்மாவின் இரண்டு காதிலும் குறும்பி அடைத்துக் கிடந்தது. நாங்கள் சொன்ன பதில் பாதி நேரம் அவள் காதுக்கே போய்ச் சேரவில்லை. சேராத பதிலை எப்படி ஞாபகம் வைப்பது? அதை எடுத்த பிறகு பகல்நேரக் கேள்விகள் நன்றாகவே குறைந்தன. ஒரு வருடமாக அவள் மறதியோடு சண்டை போட்டிருந்தோம். அதில் ஒரு பங்கு காதோடு போட்ட சண்டை.

அடுத்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை ஆகியவற்றைக் கேட்டு எடுத்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும். அம்மா சைவம், போதாததற்குச் சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டவள். நெடுநாள் சாப்பிட்டால் அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கக்கூடும். ஊசி போட்ட பிறகு நடையில் தெம்பு வந்தது, முகம் தெளிந்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். இருமல் மருந்து, அரிப்பு மாத்திரை, மூட்டுவலிக்கு யாரோ தந்தது, எல்லாம். அம்மா தூங்குவதில்லை என்று ஒரு மருத்துவமனையில் சொன்னபோது, தலை நிமிராமல் ஒரு மாத்திரை எழுதித் தந்தார்கள். தூங்கினாள். மறுநாள் காலையில் அடுப்படிக்கு வழி தெரியாமல் நின்றாள். தூக்க மாத்திரைகளும் சில அலர்ஜி, சிறுநீர் மருந்துகளும் வயதானவர்களுக்கு மூளையில் புகைமூட்டம் போட்டுவிடும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள். இன்னொன்று: மாதக்கணக்கில் மெதுவாக ஏறிய மறதி இரண்டே நாளில் தலைகீழாக மாறினால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ தலையில் பட்ட அடியோ இருக்கலாம். அன்றைக்கே கிளம்புங்கள்.

திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர் அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அம்மா அழகாக வட்டம் போட்டாள். எண்களை எல்லாம் வலதுபக்கமே அடுக்கிவிட்டு, இடம் போதவில்லை என்று சிரித்தாள். ஸ்கேனும் எடுத்தார்கள். அல்சைமர் என்றார். கொடுத்த மாத்திரை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், போனதைத் திருப்பித் தராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற ஒரு பகுதியைப் பற்றி அவர் விளக்கியதை நான் என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். அன்றன்று நடப்பதைக் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுகிற குமாஸ்தா ஒருவன் மூளையில் உண்டு. அவன் வேலைக்கு வருவதில்லை. பழைய பேரேடுகள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. இன்றைக்குச் சொன்ன பதில் எந்தப் பக்கத்திலும் ஏறாது. இது மனத்தில் படிந்த பிறகுதான், "இப்போதுதானே சொன்னேன்" என்ற வாக்கியத்தை என்னால் விட முடிந்தது. அந்த வாக்கியத்தை வீட்டிலிருந்தே விரட்டுங்கள். அவளுக்கு அது பொய்க் குற்றச்சாட்டு. அவள் கேட்கவே இல்லை, அவள் கணக்கில்.

நோட்டுப் போடுங்கள்

இரண்டு வாரம் போதும். நேரம், கேள்வி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தாள் என்று ஐந்து கட்டம். மருத்துவரிடம் போகும்போது இது பெரிய உதவி. அங்கே போனதும் அம்மா பட்டுப்புடவை கட்டிய பெண்பார்க்கும் நாள்போல அவ்வளவு தெளிவாகப் பேசுவாள், நாம்தான் பொய்யராவோம். ஆனால் நோட்டின் பலன் எனக்கு வேறு விதத்தில் வந்தது.

மெயில் கேள்விக்கு நான் முதலில் ரயில்வே அதிகாரிபோலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மா, மீட்டர் கேஜ் பாதையை 2010இலேயே மூடிவிட்டார்கள். 2018இல் அகலப் பாதை வந்துவிட்டது. நேரமெல்லாம் மாறிவிட்டது." நோட்டைப் பார்த்தால் இந்தப் பதிலுக்கு ஆயுள் மூன்று நிமிடம். "போய்விட்டது" என்று மட்டும் சொன்னால் ஐந்து. ஒருநாள் வாசலில் தூறல் நின்றதைப் பார்த்து, "போய்விட்டது அம்மா, மழையும் விட்டுவிட்டது" என்றேன். இருபத்தைந்து நிமிடம் பேச்சே இல்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். "உனக்கு எப்படித் தெரியும் தம்பி, நீ கைக்குழந்தை" என்றாள். அப்பா ரயில்வே கேங்மேன். பகவதிபுரம் குவார்ட்டர்சில்தான் குடியிருந்தோம். அங்கிருந்து ஆரியங்காவு, தென்மலை வரை 1904இல் போட்ட மலைப்பாதை; குகையும் பாலமுமாகப் போகும். தென்மேற்குப் பருவமழையில் மண் சரியும், பாறை உருளும். மழைநாளில் அப்பா விளக்கும் கொடியுமாகத் தண்டவாளத்தோடு நடந்து பார்த்து வர வேண்டும். மெயில் பத்திரமாகக் கடந்த பிறகுதான் வீடு திரும்புவார். அதன் கூவல் காதில் விழுந்த பிறகே அம்மா உலையில் அரிசி போடுவாளாம்.

நான் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது, மலையில் நனைந்துகொண்டிருக்கும் மனிதர் திரும்பிவிட்டாரா, அரிசி போடலாமா என்று. இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "போய்விட்டது அம்மா. மழை இல்லை. எல்லோரும் வீட்டில் இருக்கிறோம்." என் மனைவி "அத்தை" என்று சொல்வாள், பேத்தி "ஆச்சி" என்று சொல்வாள், மற்றபடி ஒரு சொல்லும் மாறாது. புதிது புதிதாகப் பதில் யோசிப்பதில்தான் நமக்குக் களைப்பு. மனப்பாடம் செய்துகொண்டால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லலாம்.

உங்கள் அம்மாவின் கேள்விக்கும் கீழே ஏதோ ஒன்று இருக்கும். பழையதை அறிந்த சித்தி, மாமா, பக்கத்து வீட்டு ஆச்சி யாரையாவது கேளுங்கள். எல்லாக் கேள்விக்கும் கிடைக்காது. "டார்ச் லைட் எங்கே" என்று ஏன் கேட்கிறாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டார்ச் லைட்டை வைத்துவிட்டேன்.

"அப்பா எங்கே?"

அப்பா 2008இல் இறந்தார். அம்மா கேட்கும்போது முதலில் உண்மையைச் சொன்னேன். அன்றுதான் கேட்பவள்போல அழுதாள். மறுநாளும் அழுதாள். ஒரு மனுஷியை எத்தனை தடவை விதவையாக்குவது?

எனவே பொய்க்கு மாறினேன். "டியூட்டிக்குப் போயிருக்கிறார்" என்றேன். சாமர்த்தியம் என்று நினைத்தேன். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவள், இரவு பதினொன்றரை வரை எழுந்திருக்கவில்லை. டியூட்டிக்குப் போனவர் வர வேண்டும் அல்லவா? வருவார் என்று எதிர்பார்க்க வைக்கும் பொய்யைச் சொல்லாதீர்கள்.

இப்போது உண்மையும் சொல்வதில்லை, பொய்யும் சொல்வதில்லை. "அப்பா ஞாபகம் வந்துவிட்டதா அம்மா? அவருக்குத் துவையல் பிடிக்குமா, அவியல் பிடிக்குமா?" என்று கேட்பேன். அவ்வளவுதான், அப்பா பத்து நிமிடம் பேச்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். "நேராகக் கேட்கிறேன், இருக்கிறாரா, இல்லையா?" என்று அவளே கண்ணைப் பார்த்துக் கேட்ட நாட்கள் இரண்டு உண்டு. அப்போது கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"சோறே போடவில்லை"

ஊரில் மானம் போகும் இடம் இது. காலையில் நான்கு இட்லி சாப்பிட்ட அம்மா, பதினொரு மணிக்குத் தெருவில் போகிறவர்களிடம், "மருமகள் பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை" என்றாள். என் மனைவி அன்று அழுத அழுகைக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். மூன்று காரியம் செய்தோம். சாப்பிட்ட தட்டை உடனே கழுவாமல் அம்மாவின் கண்ணில் படும்படி ஒரு மணி நேரம் வைத்தோம். பார்த்தால் சில நேரம் அவளுக்கே சமாதானமாகும். காலைப் பலகாரத்தைப் பிரித்து இரண்டு இட்லி எட்டு மணிக்கு, இரண்டு பத்தரைக்கு என்று ஆக்கினோம். மூன்றாவதாக, தெருவில் ஏழு வீட்டுக்கும் நானே போய் அம்மாவுக்கு என்ன நோய் என்று சொன்னேன். மனைவியைச் சொல்ல விடாதீர்கள், மகன்தான் போக வேண்டும். மறைத்தால் பழி மருமகள் தலையில்தான் விழும். சொன்ன பிறகு பக்கத்து வீட்டு ஆச்சி அம்மாவைப் பிடித்துவைத்து ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்புவார், நமக்கும் ஒரு குரல் கொடுப்பார்.

விருந்தாளிகளுக்கு ஒரு விதி. "நான் யார் சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. நுழையும்போதே, "அத்தை, நான் உங்கள் தம்பி மகன், புனலூரிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும். கேட்காத ஒரு மாமாவுக்கு நான் காப்பி கொடுக்கவில்லை.

எழுதி வைப்பது

கேள்விக்குப் பதிலை எழுதி ஒட்டுங்கள் என்று மருத்துவர் சொன்னார். நானும் ஒரு பலகை வாங்கி, "மகன் கடைக்குப் போயிருக்கிறான். ஏழு மணிக்கு வருவான்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அம்மா அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண் சோதனை செய்தோம், கண் நன்றாகத்தான் இருந்தது.

அக்காதான் மறுபடியும். அம்மா பிறந்தது புனலூரில். தாத்தா அங்கே பேப்பர் மில்லில் வேலை பார்த்தார். செங்கோட்டையும் புனலூரும் அப்போது ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது, புனலூர் அந்தப் பக்கம் நின்றது. அம்மா வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் முதன்முதலில் எழுதியது மலையாளம். தமிழ் எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு கற்றது. பிந்தி வந்தது முந்திப் போய்விட்டது.

அக்காவை மாமா மகனுக்கே கொடுத்திருக்கிறோம், அம்மா பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். அடுத்த ஞாயிறு வந்து பலகையில் மலையாளத்தில் எழுதினாள்: "மோன் கடையில் போயி. ஏழு மணிக்கு வரும்." அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். சத்தமாக, பள்ளிப்பிள்ளைபோல. நாள் முழுக்க எத்தனை தடவை வாசித்தாள் என்பதை நான் எண்ணவில்லை, ஆனால் எங்களைக் கேட்பது குறைந்தது. எல்லையோரத்தில் இருக்கும் குடும்பங்கள் இதைச் சோதித்துப் பாருங்கள்: சித்தூர்ப் பக்கம் தெலுங்காக இருக்கலாம், இங்கே மலையாளம். முதல் எழுத்து எதுவோ அதில் எழுதுங்கள். ஒரு பலகையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

மாலையில்தான் எல்லாம் முற்றும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் பதற்றம் ஏறும். இந்த நோயில் இது பலருக்கும் உண்டு. விளக்கை ஐந்து மணிக்கே போடுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். அம்மாவுக்கு நேற்றைய சோறு ஞாபகம் இல்லை, பிச்சிப்பூவைக் கொடுத்தால் விரல் தானாகத் தொடுக்கும்; கை கற்ற வேலைகளை மூளை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. பூ இல்லாத நாளில் முருங்கைக்கீரை உருவுவாள். உருவ வேண்டிய கீரை தீர்ந்துபோனால் சின்ன வெங்காயம். ஒருநாள் உரிக்கிற வெங்காயமும் தீர்ந்து, உரித்ததையே கலைத்துக் கொடுத்தேன். அது நியாயமா என்று கேட்காதீர்கள்.

நான் கத்திய நாளும் உண்டு. மில்லில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் இருபதாம் தேதி. வீட்டுக்கு வந்ததும் கேள்வி. பத்தொன்பதாவது தடவை மேசையை அடித்தேன். இருபது நிமிடத்தில் அம்மாவுக்கு நான் எதற்குக் கத்தினேன் என்பது மறந்துவிட்டது. பயம் மறக்கவில்லை. படுக்கும்வரை என்னைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காரணம் அழிந்தாலும் உணர்ச்சி தங்கிவிடும். நல்ல உணர்ச்சியும் அப்படித்தான் தங்கும் என்பது மருத்துவர் சொன்னது.

கோபம் வரும்போது நான் கொல்லைப்பக்கம் போய் மாட்டுத் தொட்டியை நிரப்புவேன். மாடு இல்லை, விற்றுவிட்டோம். தொட்டி மட்டும் நிரம்பி இருக்கிறது. அதைவிட முக்கியம் முறை மாற்றிக்கொள்வது. மாதத்தில் ஒரு வாரம் அக்கா வந்து இருக்கிறாள். முன்பு போனில் பத்து நிமிடம் பேசிவிட்டு, "என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறாள்" என்பாள். வாதாடாமல் ஒரு வாரம் தங்கச் சொன்னேன். மூன்றாம் நாள் அவளே கொல்லைப்பக்கம் போனாள். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம். 1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கமும் இருக்கிறது. பராமரிப்பவர்களோடு பேசவே ஆட்கள் உள்ள இடம்.

வாசலுக்கு வெளியே லாரி ஓயாத சாலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அம்மா கையில் ஒரு வெள்ளி வளையல். உள்பக்கம் என் போன் எண்ணும் அக்காவின் எண்ணும் பொறித்திருக்கிறது. இரவில் கேஸ் சிலிண்டரை மூடிவிடுகிறோம்.

அவளுடைய கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877இல் கட்டிய தூக்குப்பாலம் இருக்கிறது. அதில் நடக்கும்போது மாமா ஆட்டியதால் அம்மாவின் ஒரு செருப்பு ஆற்றில் விழுந்தது. கதை அவ்வளவே, தினமும் உண்டு. "தெரியும் அம்மா" என்று வெட்டாமல், குறுக்கே ஒரு கேள்வி போடுங்கள். செருப்பு என்ன நிறம்? மற்றச் செருப்பை என்ன செய்தாய்? "அதையும் எறிந்துவிட்டேன், கிடைக்கிறவளுக்கு ஜோடியாகக் கிடைக்கட்டும்" என்றாள் ஒருநாள். ஐம்பது வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

போன தைப்பொங்கலுக்குப் பிறகு அவளைப் பகல் வண்டியில் புனலூருக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போவதானால் சின்னப் பயணமாக, பகலில், ஜன்னலோரம், கையில் பழகிய ஒரு துண்டோடு. செங்கோட்டையில் ஏறியதிலிருந்து மெயில் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் இருட்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதற்குள் அப்பா விளக்கோடு நடப்பார், சுவரில் தண்ணீர் ஒழுகும்" என்றாள். வெளியே வெளிச்சம் வந்ததும், "மெயில் போய்விட்டதா?"

"நாம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறோம் அம்மா."

அது மெயில் இல்லை, வேறு வண்டி. இருந்தாலும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்படியானால் அரிசி யார் போட்டது?" என்றாள்.

அக்கா போட்டிருப்பாள் என்றேன். தென்மலை வருவதற்குள் இன்னும் நான்கு முறை கேட்டாள்.